மூன்றடியா, நாலடியா: மடிப்பாக்கத்தில் வீட்டைத் தூக்கிய அனுபவம், செலவுக் கணக்கோடு

அக்டோபர் பிறந்தால் போதும், எங்கள் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிடுகிறார்கள். "மேடம், ஜாக்கி வெச்சு வீட்டத் தூக்கினது நீங்கதானே? யாரு செஞ்சாங்க, எவ்வளவு ஆச்சு?" வெயில் காலத்தில் ஒருவர் கேட்டதில்லை. முதல் மழை பெய்து தெருமுனையில் கணுக்கால் தண்ணீர் நின்ற மறுநாள் காலையில் மூன்று பேர் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று கதை சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள், எனவே ரூபாய் விவரம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

செய்தவர்களின் பெயரை இதில் போடவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன். தவிர, இந்தத் தொழிலில் விசிட்டிங் கார்டு ஒருவருடையது, வந்து வேலை செய்கிற ஆட்கள் வேறு ஒருவருடையவர்கள். பெயரைச் சொல்லி உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

வீடு ராம் நகர் பக்கம். 1998-ல் கட்டியது. கீழே 1,050 சதுர அடி, மாடியில் 700 சதுர அடியில் வாடகைப் போர்ஷன். கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே வரவேண்டும். அப்போது மடிப்பாக்கம் ஊராட்சி, தெரு மண் தெரு. அப்புறம் ஜல்லி போட்டார்கள், அதன்மேல் தார், அதன்மேல் இன்னொரு தார். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு இன்னும் ஒன்று. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான், எங்கள் வீட்டுக்குத் தாமதமாக வந்துவிட்டது. மூன்று படி ஏறிப் போன வீடு அதற்குள் அரை அடி இறங்கிப் போகிற வீடாகியிருந்தது.

2015 டிசம்பர் 1 ராத்திரி வீட்டுக்குள் இரண்டரை அடி தண்ணீர். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல், இரண்டு அடி. அளவு குறைவுதானே என்று தோன்றும். ஆனால் 2015-ல் மூன்றாம் நாள் வடிந்தது, 2023-ல் ஐந்து நாள் நின்றது, கரண்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஆபத்தை இந்த இரண்டு சொல்லில்தான் அளப்போம். "தண்ணி வரும், ஆனா நிக்காது" என்றால் அது நல்ல தெரு. "வந்தா நிக்கும்" என்றால் கெட்ட தெரு. "எங்க தெருவுல தண்ணியே வராது" என்று ஒருவர் சொன்னால் அவர் வீட்டை விற்கப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

இதில் எனக்குப் பல வருஷம் புரியாமல் இருந்த ஒன்று. மழை பிடித்ததும் தெருவே டிவி முன்னால் உட்கார்ந்து செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று பார்க்கும். 2015-ல் வினாடிக்கு 29,000 கன அடி திறந்த எண் எல்லோர் மனதிலும் பச்சை குத்தியதுபோல இருக்கிறது. ஆனால் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் போகிறது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரத்துக்காரர்கள் அதைப் பார்த்துப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தண்ணீர் வேறு வழி. சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழிந்து நாராயணபுரம் பக்கமாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடலைத் தொடவேண்டும். கடல் கொந்தளித்து உள்ளே வாங்க மறுத்தால் சதுப்பு நிற்கும், சதுப்பு நின்றால் நாங்கள் நிற்போம். மிக்ஜாம் அன்று அதுதான் நடந்தது. செம்பரம்பாக்கம் எண்ணைப் பார்த்து "இன்னிக்குக் கம்மியாத்தான் திறந்திருக்காங்க" என்று என் கணவர் நிம்மதியாகப் படுத்தார். விடியற்காலை பாத்ரூம் குழியிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. வாசல் வழியாக வந்தது அப்புறம்தான்.

2015-க்குப் பிறகே வீட்டைத் தூக்கியிருக்கலாம். தூக்காததற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம்: "இது நூறு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற மழை." அதை நாங்கள் ரசீது மாதிரி வாங்கி வைத்துக்கொண்டோம். ஒன்று வந்துவிட்டது, இனி 2115-ல் பார்த்துக்கொள்ளலாம். பெங்களூரில் வேலை செய்கிற மகன்தான் 2023-க்குப் பிறகு போனில் விளக்கினான். நூறு வருஷத்துக்கு ஒருமுறை என்றால் ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு, போன வருஷம் வந்ததா என்று மழை கணக்குப் பார்க்காது என்றான். நானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 20 வருஷ வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர வாய்ப்பு கிட்டத்தட்ட 18 சதவீதம். மற்றவர்கள் கணக்கில் இருக்கிற ஓட்டையெல்லாம் கண்டுபிடிக்கிற எனக்கு, என் வீட்டுக் கணக்கில் இது எட்டு வருஷமாகக் கண்ணில் படவில்லை.

சரி, தூக்குவது என்று முடிவாயிற்று. மேஸ்திரி வந்தார். ஹரியானாக்காரர், தமிழ் ஓரளவு பேசுவார். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எத்தனை அடி?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்குப் பதினொரு நாள் ஆயிற்று. மூன்றடி என்றால் சதுர அடிக்கு 260 ரூபாய், மாடியும் சேர்த்துத்தான் கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு அடிக்கும் சதுர அடிக்கு 50 ரூபாய் கூட. அதாவது எங்கள் வீட்டுக்கு நாலாவது அடியின் விலை 87,500 ரூபாய். கணவர் மூன்றே போதும் என்றார். 2015-ல் வந்தது இரண்டரை, அதற்குமேல் அரை அடி இருக்கிறது, வேறென்ன வேண்டும்? நம் கண்ணால் பார்த்ததைவிட மோசமாக எதுவும் வராது என்கிற நம்பிக்கை அது, 2015-க்கு முன்னால் 2005 மழையை வைத்து இதேபோலத்தான் பேசினோம் என்று ஞாபகப்படுத்தினேன். மகன் ஐந்தடி என்றான். அவன் பெங்களூரில் இருக்கிறான், படி ஏறப்போவது அவன் இல்லை. படி ஏறப்போகிற மாமியார்தான் யாரும் யோசிக்காததைச் சொன்னார். அவருக்கு 78 வயது, இரண்டு முட்டியும் தேய்மானம். "வெள்ளம் எட்டு வருஷத்துக்கு ஒருதரம் வருது. எனக்கு முட்டி தினமும் வலிக்குது. நீங்க தூக்கற ஒவ்வொரு அடிக்கும் எனக்கு ரெண்டு படி." எங்கள் வீட்டில் வெள்ள அபாயம் பற்றி யாராவது சரியாகப் பேசினார்கள் என்றால் அது அவர்தான். கடைசியில் நாலடி. ரோட்டிலிருந்து ஏழு படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் உட்கார ஒரு அகலமான திட்டு. அந்தத் திட்டு மாமியாரின் நிபந்தனை.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பார்ப்பதே ஒரு அனுபவம். முதலில் உள்ளே தரையைச் சுவரோரமாக உடைத்துப் பள்ளம் தோண்டுகிறார்கள். அஸ்திவாரத்துக்கு மேலே சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லைப் பெயர்த்து, இரும்புச் சேனலைச் செருகி, அதன்கீழ் ஜாக்கி வைக்கிறார்கள். லாரிக்கு டயர் மாற்ற வைப்பார்களே, அந்த ஜாதிதான். மொத்தம் 162, நானே எண்ணினேன். எல்லாச் சுவரும் ஜாக்கிமேல் உட்கார்ந்த பிறகு மேஸ்திரி விசில் ஊதுவார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்குச் சில ஜாக்கிகளை ஒரு சிறு திருகு. மறுபடி விசில். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சாயங்காலம் பார்த்தால் ஜன்னல் நாலு அங்குலம் மேலே போயிருக்கும். மட்டம் பார்ப்பதற்கு அவர்கள் பயன்படுத்தியது தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப். தண்ணீருக்குப் பயந்து தூக்குகிற வீட்டுக்குத் தண்ணீரே மட்டம் பார்த்தது. தூக்கி முடிக்க 14 நாள். அப்புறம் ஜாக்கிகளுக்கு நடுவே செங்கல் கட்டி, ஒவ்வொன்றாக ஜாக்கியை உருவி, அந்த இடைவெளியையும் அடைக்கிறார்கள்.

இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண். நாலடி என்றால் நாலடி, நான்கு மூலையும் டேப் வைத்துப் பார்த்தோம். மாடியில் ஒரு டைல் பெயரவில்லை. விரிசல் மூன்று இடத்தில், எல்லாம் கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் விட்டத்துக்கு மேலே, முடி அளவு. ஒரு படுக்கையறைக் கதவு மட்டும் இன்றுவரை நிலையில் உரசுகிறது.

இனி குறை. 40 நாளில் சாவி என்றார்கள், பிப்ரவரி முதல் வாரம் ஆரம்பித்து ஏப்ரல் கடைசியில்தான் குடிவந்தோம். நடுவில் பத்து நாள் பாதி ஆட்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள், எங்கள் வீடு ஜாக்கிமேல் நின்றது. அந்தப் பத்து ராத்திரியும் வாடகை வீட்டில் எனக்குத் தூக்கம் கிடையாது. தொழிலாளிகளில் பாதிப் பேர் ரப்பர் செருப்பு, தலையில் ஒன்றுமில்லை. 2023-ல் சேலையூரில் இப்படி ஒரு வீட்டைத் தூக்கும்போது சுவர் இடிந்து ஒரு தொழிலாளி இறந்ததைச் சொன்னேன். "அது வேற பார்ட்டி மேடம்" என்றார் மேஸ்திரி. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சான்று, அனுமதி எதைக் கேட்டாலும் "அதெல்லாம் தேவையில்ல" என்று அடித்துச் சொல்வார். அந்த வார்த்தையை நம்பாதீர்கள். நாங்கள் தனியாக ஒரு இன்ஜினியரை 15,000 ரூபாய் கொடுத்துக் கூட்டிவந்தோம். அவர் தாழ்வாரத்துத் தூண் இரண்டைப் பார்த்துவிட்டு, சுற்றிலும் கம்பி கட்டி கான்கிரீட் ஜாக்கெட் போட்ட பிறகுதான் தொடவேண்டும் என்றார். மேஸ்திரி முகத்தைச் சுளித்தார், செய்தார்.

பெரிய குறை கொட்டேஷன்தான். அதில் எழுதியிருந்தது 5,42,500 ரூபாய். இது தூக்குகிற கூலி மட்டும். செங்கல், சிமெண்ட், கம்பி நம் பொறுப்பு, அது 2,40,000. வீடு நாலடி மேலே போனால் உள்ளே தரை எங்கே இருக்கும்? பழைய இடத்தில், நாலடிப் பள்ளத்தில். அதை நிரப்ப 36 யூனிட் கிராவல், 1,08,000. அதன்மேல் புது டைல்ஸ் 1,15,500. படி, போர்ட்டிகோ, கேட் 1,60,000. குழாய், சாக்கடை இணைப்பு, மின்சார வேலை 85,000. பெயிண்ட் 90,000, மூன்று மாத வாடகை 54,000. இன்ஜினியரையும் சேர்த்தால் 14,10,000. கொட்டேஷனைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். யாராவது ஐந்தரை லட்சத்தில் வீட்டைத் தூக்கினேன் என்று சொன்னால், அவர் இன்னும் பள்ளத்தில்தான் குடியிருக்கிறார்.

சம்ப்பை, அதாவது தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியை, மறந்துவிடாதீர்கள். வீடு மேலே போகும், சம்ப் கீழேயே இருக்கும். வெள்ளத்தில் சாக்கடைத் தண்ணீர் முதலில் போகிற இடம் அது. எங்கள் மேஸ்திரி சொல்லவே இல்லை. பக்கத்துத் தெரு பிளம்பர் பார்த்துச் சொல்லி, வாயை மூன்றடி உயர்த்திக் கட்டி, மூடிக்கு ரப்பர் வைத்தோம்.

முதல் பரீட்சை 2024 அக்டோபர் 15. மறுநாளுக்குச் சென்னைக்கு ரெட் அலர்ட். வானிலை மைய மொழியில் அது ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்கிற கணக்கு. தெருவில் ஒரே பரபரப்பு. பால், பிரெட், மெழுகுவர்த்தி எல்லாம் காலையிலேயே காலி. வேளச்சேரி மேம்பாலத்தில் இரண்டு பக்கமும் வரிசையாகக் கார்கள், டிவியில்கூட வந்ததே, அதில் ஒன்று எங்களுடையது. 2023-ல் தண்ணீரில் நின்ற காரை என் கணவர் ஸ்டார்ட் செய்து பார்த்து, இன்ஜின் போய், பாலிசியில் இன்ஜினுக்கென்று கூடுதல் காப்பு சேர்க்காததால் இன்ஷூரன்சும் கிடைக்காமல் போன கதை இருக்கிறது. வீட்டைத் தூக்கலாம், காரைத் தூக்க முடியாது.

அன்று ராத்திரி தண்ணீர் முதல் படியைத் தொட்டது. ஏழில் ஒன்று. கணக்குப்படி நான் குறட்டை விட்டுத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு மணிக்கு எழுந்து, டார்ச் எடுத்துக்கொண்டு, பாத்ரூம் குழியைப் போய்ப் பார்த்தேன். மூன்றரைக்கு மறுபடியும். வீடு நாலடி ஏறிவிட்டது, உடம்பு இன்னும் பழைய உயரத்திலேயே படுத்திருந்தது. காலையில் பார்த்தால் மழை விட்டிருந்தது, தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட்டது என்றார்கள். மேம்பாலத்துக்குக் காரை எடுக்கப் போனால் சுள்ளென்று வெயில். தெருவில் எல்லோருக்கும் ஏமாந்த கோபம். "ரெட் அலர்ட்டாம் ரெட் அலர்ட்டு" என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். அதே வருஷம் நவம்பர் 30, பெஞ்சல் புயல் வந்தபோது எங்கள் தெருவிலிருந்து மேம்பாலத்துக்குப் போனவை இரண்டே கார்கள். புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, விழுப்புரத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்குமேல் கொட்டியது. அது இங்கே கொட்டியிருந்தால் என்ன ஆகும் என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கொட்டலியே" என்றார். அவர் முன்பு "2015 மாதிரி இனி வராது" என்றவர், இப்போது "2023-ல வந்துடுச்சு, இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்ல" என்கிறார்.

இன்னொன்றும் நேராகச் சொல்லிவிடுகிறேன். தூக்கிய வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் தெருவில் முட்டியளவு நின்றால் ஃபிளஷ் செய்தது போகாது, சேம்பர் நிரம்பி முற்றத்தில் மிதக்கும். கரண்ட் இருக்காது. காஸ், பால், மாமியாரின் பிரஷர் மாத்திரை எல்லாம் தண்ணீர் வடியும்வரை இருப்பதுதான். நாங்கள் வாங்கியது பாதுகாப்பு என்று நினைத்தேன், உண்மையில் வாங்கியது ஏழு படி உயரமுள்ள ஒரு தீவு. பீரோ, ஃபிரிட்ஜ், ஆல்பங்கள் மூன்றாம் தடவையாக நனையாது. என்னைக் கேட்டால் 14 லட்சத்தில் பெரும்பங்கு அதற்கே சரியாகப் போயிற்று. மொத்த வேலைக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். ஒன்றைக் கொட்டேஷனுக்கும் அரையை ஜாக்கிமேல் நின்ற பத்து நாளுக்குமாகக் குறைத்திருக்கிறேன்.

அக்கம்பக்கத்து மனஸ்தாபம் செலவில் சேராதது. வீட்டைத் தூக்கினால் தெருவில் தண்ணீர் வரும் என்று போர்டு எழுதி மாட்டியதுபோல. மூன்றாவது வீட்டுக்காரர் அப்போது விற்கப் பேசிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் எங்கள் வீடு ஜாக்கிமேல் நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது வீட்டுக்காரர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எங்களுக்கும் அதே மாதிரி ஒன்று நடந்தது. பெயிண்ட் பட்ஜெட் உள்பக்கத்தோடு தீர்ந்துவிட்டதால் வெளிச்சுவரை விட்டுவைத்தோம். அதில் 2015 வெள்ளம் போட்டுவிட்டுப் போன பழுப்புக் கோடு ஒன்று மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டோடு சேர்ந்து கோடும் நாலடி மேலே போய்விட்டது. இது எனக்கு உறைக்கவே இல்லை. போன ஜூனில் புரோக்கர் ஒரு குடும்பத்தை மாடிப் போர்ஷன் பார்க்கக் கூட்டிவந்தார். அந்தப் பெண் கேட்டருகே நின்று, தலைக்கு மேலே இருந்த கோட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"இவ்வளவு உயரமாங்க வந்துச்சு?"

"இல்லம்மா, வீடுதான் ஏறிச்சு. தண்ணி இடுப்புக்குக் கீழதான்" என்றேன்.

அவள் என் கணவர் முகத்தைப் பார்த்தாள், புரோக்கர் முகத்தைப் பார்த்தாள். மாடி ஏறாமலே போய்விட்டார்கள். மறுநாளே பெயிண்டருக்குப் போன் செய்தேன். அந்தக் கோட்டை மட்டும் அடிக்க 1,800 ரூபாய் கேட்கிறார்.